துண்டுக்கு அடியில் ஓர் ஆண்டுத் திட்டம்

மார்ச் மாதம் வந்தால் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிகளில் இரண்டு பேருக்கு மரியாதை கூடும். ஒருவர் ஆடிட்டர். இன்னொருவர், வரும் ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை கூகுளில் எவ்வளவு செலவழிக்கலாம், அதற்கு எத்தனை என்கொயரி வரும் என்று எழுதிக்கொண்டு போகிற என்னைப் போன்ற ஆள். ஆடிட்டர் நடந்து முடிந்ததற்குக் கணக்குச் சொல்கிறார். நான் நடக்கப்போவதற்குக் கணக்குச் சொல்கிறேன். அவரிடமாவது ரசீது இருக்கிறது.

திட்டம் என்பது ஓர் எக்ஸெல் தாள். இடது ஓரத்தில் கீவேர்டுக் குழுக்கள்: ஓப்பன்வெல், சப்மெர்சிபிள், மோனோபிளாக், பிரஷர் பூஸ்டர், கடைசியில் கம்பெனியின் சொந்தப் பெயர். குறுக்கே பன்னிரண்டு மாதங்கள். மாதத்துக்கு இவ்வளவு பணம், இத்தனை கிளிக், கிளிக்குக்கு இன்ன விலை, இத்தனை என்கொயரி, அதில் டீலருக்கு அனுப்பியது இத்தனை. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. முதலாளி அந்தக் கட்டங்கள் எதையும் பார்க்க மாட்டார். நேராகக் கடைசி வரிக்குப் போய், “போன வருசத்தக் காட்டிலும் எவ்வளவுங்க தம்பி ஜாஸ்தி?” என்பார்.

பல ஆண்டுகளாக இந்தத் தாளைத் தயாரித்துக் கொடுத்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். மேலே ‘தேடுபொறி விளம்பர உத்தி’ என்று தலைப்பு இருக்கிறது. உள்ளே இருப்பது ஒரு பணப் பேரம். முதலாளிக்கும் மார்க்கெட்டிங் மேனேஜருக்கும் நடுவே, மேனேஜருக்கும் ஏஜென்சிக்கும் நடுவே நடக்கிற பேரம். பேரத்துக்கான காகிதமாக அதை எடுத்துக்கொண்டால் நிறையவே உபயோகம் உண்டு. ஜாதகமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது. நம் ஊர்க் கம்பெனிகளில் பெரும்பாலும் ஜாதகமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எழுதிக் கொடுக்கும் நாங்களும் அதைத் திருத்துவதில்லை. ஜோசியருக்குக் கிடைக்கிற மரியாதை தரகருக்குக் கிடைக்காதே.

தேடல் விளம்பரம் இப்படித் திட்டம் போட ஆசை காட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சுவர் விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பொள்ளாச்சி சாலையில் மஞ்சள் பெயின்டில் எழுதிய பெயரைப் பார்த்து மோட்டார் வாங்கியவர் எத்தனை பேர் என்று கேட்டால் பெயின்டர் சிரிப்பார். தேடலில் எண்ணிக்கை தானாக வருகிறது. 1998இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடூ டாட் காம், தேடும் சொல்லை ஏலம் விட்டு, கிளிக் செய்தால் மட்டும் காசு என்ற முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூகுள் தன் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியது 2000 அக்டோபரில். அன்று அதில் இருந்த விளம்பரதாரர்கள் 350 பேர். 2002இல் அதுவும் கிளிக்குக்குக் காசு என்று மாறி, ஏலத்தில் கேட்கும் தொகையோடு விளம்பரத்தை எவ்வளவு பேர் தொடுகிறார்கள் என்பதையும் சேர்த்து வரிசை போடத் தொடங்கியது. அதிகம் கேட்டவர் மட்டும் ஜெயிப்பதில்லை. தேடியவருக்குப் பொருத்தமாக இருப்பவர் குறைந்த விலையிலும் மேலே வரலாம். சின்னக் கம்பெனிகள் பெரிய கம்பெனிகளோடு ஒரே பக்கத்தில் நிற்க முடிந்தது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் இது எல்லாரும் பார்க்க நடக்கும் ஏலம் இல்லை. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டுக் கையை மறைத்து விரலால் விலை பேசுவார்களே, அந்த மாதிரி. பக்கத்தில் நிற்பவன் எவ்வளவு கேட்டான் என்று நமக்குத் தெரியாது. நம் விரலைப் பிடித்த கை எவ்வளவு அழுத்தியது என்பது மட்டும் தெரியும். அந்த அழுத்தத்தை வைத்து அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு மாட்டு விலை எழுதச் சொல்கிறார்கள்.

இப்படிச் சொன்னாலும், திட்டமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘இதெல்லாம் நாளுக்கு நாள் மாறுகிற சமாச்சாரம், வாரா வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற கம்பெனிகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே எது நடக்கும் என்றால், அவசரமான வேலை மட்டும் நடக்கும். பம்ப் வியாபாரத்தில் மாசி கடைசியிலிருந்து கிணற்றில் தண்ணீர் இறங்கும், தேடல் ஏறும். அக்னி நட்சத்திரம் முடியும்வரை அந்த வேகம் இருக்கும். அப்போது எல்லாக் கம்பெனியும் ஒரே சொற்களுக்கு மோதும், கிளிக் விலை ஏறும். 400 அடி போருக்கு எத்தனை எச்பி, எத்தனை ஸ்டேஜ் வேண்டும் என்று விளக்குகிற ஒரு நல்ல பக்கம் நம்மிடம் இருந்தால், காசு கொடுக்காமலே ஒரு பகுதி ஆட்கள் வந்து சேர்வார்கள். அந்தப் பக்கம் தேடலில் மேலே வர மாதக்கணக்கில் ஆகும். ஏப்ரலில் எழுதினால் ஆடிக்குத்தான் பலன். ஆடியில் வாய்க்காலிலேயே தண்ணீர் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் உட்கார்ந்து எழுத வேண்டும். மழை கொட்டும்போது கோடைக்கான பக்கம் எழுத எந்த மேனேஜரும் பணம் ஒதுக்க மாட்டார். ஆண்டுத் திட்டத்தில் ஒரு வரி இருந்தால் ஒதுக்குவார். மெதுவான வேலையை அவசர வேலையிடமிருந்து காப்பாற்றுவதுதான் இந்தத் தாள் செய்கிற ஆகப்பெரிய நன்மை என்பேன்.

இன்னொரு நன்மை யாரும் திட்டமிடாமலே கிடைப்பது. திட்டம் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் தேடல் சொல் அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறார். நம் விளம்பரம் எந்தெந்தத் தேடலுக்குக் காட்டப்பட்டது, எதற்கு நாம் காசு கொடுத்தோம் என்கிற பட்டியல் அது. ஒரு தடவை அதைப் பிரின்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தேன். நாங்கள் வாங்கியிருந்த சொல் வெறும் ‘மோட்டார் பம்ப்’. அதற்கு வந்திருந்த தேடல்கள்: மானிய விலையில் மோட்டார், சோலார் பம்ப் மானியம் விண்ணப்பம், மோட்டார் காயில் கட்டும் கடை, பழைய மோட்டார் விலைக்கு, மோட்டார் மெக்கானிக் வேலை. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போயிருந்தது. மானியம் தேடுகிறவர் அரசாங்கத்தைத் தேடுகிறார், காயில் கட்டுகிறவரைத் தேடுகிறவரிடம் ஏற்கெனவே மோட்டார் இருக்கிறது. இந்தச் சொற்களையெல்லாம் ‘இதற்குக் காட்டாதே’ என்று நெகட்டிவ் பட்டியலில் போடுவது அரை நாள் வேலை. அந்த அரை நாள் பதினொரு மாதமாக யாருக்கும் கிடைக்கவில்லை.

அதே தாள்களில் வேறொன்றும் இருந்தது. ‘சம்மர்சிபிள்’ என்று எத்தனையோ விதமான எழுத்தில் தேடியிருந்தார்கள். ‘சிங்கிள் பேஸ்ல ஒன்றரை எச்பி ஓடுமா’ என்ற கேள்வி வெவ்வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வந்தது. கம்பெனியின் இணையதளத்தில் அதற்குப் பதில் கிடையாது. கம்பெனி இன்ஜினீயருக்கு அது கேள்வியே கிடையாது. வீட்டுக்குச் சிங்கிள் பேஸ் இணைப்பு மட்டும் வைத்திருப்பவருக்கோ அதுதான் முதல் கேள்வி. அந்த ஆண்டுத் திட்டத்தில் நான் எழுதியவற்றில் உருப்படியானது, இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்ற ஒற்றை வரி. கடைசி வரியில் போட்ட என்கொயரி எண்ணிக்கை என்ன ஆயிற்று என்பது எனக்கே நினைவில்லை.

அந்த எண்ணிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன ஆண்டு எண்ணை எடு, பத்தோ பதினைந்தோ சதவீதம் கூட்டு. அவ்வளவுதான். போன ஆண்டு எண் எங்கிருந்து வந்தது? போன ஆண்டு எங்கே பணம் போட்டோமோ அங்கிருந்து. ராமநாதபுரத்தில் டீலர் இல்லை, அதனால் அங்கே விளம்பரம் காட்டவில்லை. விளம்பரம் காட்டாததால் என்கொயரி இல்லை. தாளில் ராமநாதபுரத்துக்கு நேரே பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து, ‘அங்கே டிமாண்ட் இல்லை’ என்று அடுத்த ஆண்டும் பணம் கிடையாது. தன் நிழலை அளந்து சட்டை தைத்துக்கொள்கிற கதை.

புதிய சொற்களுக்குத் தேவையை மதிப்பிடக் கூகுளின் கீவேர்டு பிளானர் இருக்கிறது. குறைவாகச் செலவழிக்கும் கணக்குகளுக்கு அது துல்லியமான எண் தராது. மாதம் 1,000 முதல் 10,000 தேடல் என்பதுபோல் ஓர் அகலமான எல்லையைத் தரும். ஒன்றுக்குப் பத்து மடங்கு வித்தியாசம். அதற்குள் எங்கோ ஒரு புள்ளியைப் பிடித்து 4,350 என்று தாளில் எழுதுவோம். 4,000 என்று எழுதினால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும். 4,350 என்றால் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறான் என்று நம்புவார்கள். இந்தத் தந்திரத்தை நானும் செய்திருக்கிறேன்.

மழைக்கும் நோய்க்கும் இந்தத் தாளைப் பற்றித் தெரியாது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. வழக்கமான பம்ப் திட்டத்தில் ஜூன் மாதம் என்பது தென்மேற்குப் பருவமழை, பட்ஜெட்டைக் குறைக்க வேண்டிய மாதம். மார்ச்சில் கையெழுத்தான தாளை வைத்துக்கொண்டு சென்னைக்குக் கூடுதல் பணம் கேட்டால், ‘திட்டத்தில் இல்லையே’ என்பதுதான் பதிலாக வரும். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது அந்த ஆண்டுத் திட்டங்களில் பாதிக்கு இன்னும் கையெழுத்தே ஆகியிருக்காது.

நாள்காட்டியே ஏமாற்றும். பம்பை விட்டுப் பட்டுப்புடவைக் கடைக்கு வருவோம். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. தீபாவளி வியாபாரத்தின் சூடு கடைசி இரண்டு வாரத்தில். போன ஆண்டு மாதவாரிப் பத்தியை அப்படியே நகலெடுக்கும் திட்டம் அக்டோபர் முதல் பாதியில் பணத்தைக் கொட்டிவிட்டு, நவம்பரில் கையைப் பிசையும். இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், 2026இல் அக்டோபர் மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகு தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கிறது. போன ஆண்டு பண்டிகை மாதத்தின் நடுவே வந்தது. சம்பளத் தேதிக்கும் பண்டிகைக்கும் உள்ள தூரம் மாறினால் வாங்குகிற நாளும் மாறும். ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு இது மனப்பாடம். எக்ஸெல் தாளில் ‘அக்டோபர்’ என்ற பத்தி இருக்கிறதே தவிர ‘தீபாவளிக்கு முந்தைய வாரம்’ என்ற பத்தி இல்லை.

இவையெல்லாம் எந்தத் திட்டத்துக்கும் வருகிற சங்கடம் என்று ஒதுக்கிவிடலாம். தேடல் விளம்பரத்துக்கே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது: விளையாட்டின் விதியை எழுதுகிறவரும், ஆட்டக்களத்தின் சொந்தக்காரரும், ஸ்கோர் போர்டைப் பிடித்திருப்பவரும் ஒருவரே. 2020 செப்டம்பரில், போதிய ஆட்கள் தேடாத சொற்களைத் தேடல் சொல் அறிக்கையில் காட்டுவதைக் கூகுள் நிறுத்தியது. காசு கொடுத்த தேடல்களில் ஒரு பகுதி என்ன என்றே அதன் பிறகு தெரியாது. 2021இல் பிராட் மேட்ச் மாடிஃபையர் என்ற, எங்களைப் போன்றவர்கள் பெரிதும் நம்பியிருந்த கட்டுப்பாடு ஒழிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் எல்லாருக்கும் வந்தது. பணத்தையும் படத்தையும் கொடுத்தால் தேடலில் காட்டுவதா யூட்யூபில் காட்டுவதா என்று அதுவே முடிவு செய்யும். தளத்துக்கு வருபவர்களை எண்ணிச் சொல்லும் கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவைப் பதிவதை நிறுத்தியது. புதிய கருவி எண்ணுகிற விதமே வேறு. ‘போன வருசத்தக் காட்டிலும் எவ்வளவு’ என்ற கேள்விக்கு அந்த ஆண்டு நேர்மையான பதில், ‘படியை மாற்றிவிட்டார்கள், அளந்து சொல்ல முடியாது’ என்பதுதான். அப்படி எத்தனை பேர் சொன்னோம்?

வேடிக்கையான கதை குக்கீ கதை. குரோம் உலாவியில், தளம் தளமாக ஆட்களைப் பின்தொடர விளம்பரக்காரர்களுக்கு உதவும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுக்குள் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. 2021இல், 2023க்குத் தள்ளினார்கள். பிறகு 2024க்கு. பிறகு 2025க்கு. 2024 ஜூலையில், ஒழிக்கவே போவதில்லை என்று விட்டுவிட்டார்கள். இந்த நான்கரை ஆண்டும் உலகம் முழுக்க ஆண்டுத் திட்டங்களில் ‘குக்கீ இல்லாத காலத்துக்குத் தயாராவது’ என்ற தலைப்பு தவறாமல் இருந்தது. கல்யாணம் நின்றுபோனது, பந்தல்காரருக்குக் காசு போனது போனதுதான்.

விலை பற்றியும் ஒரு விஷயம் வெளியே வந்தது. அமெரிக்க அரசு கூகுள்மேல் தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 செப்டம்பரில் கூகுளின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெரி டிஷ்லர் சாட்சி சொன்னார். வருவாய் இலக்கை எட்ட, விளம்பரதாரர்களுக்குச் சொல்லாமல் ஏலத்தில் மாற்றம் செய்து விலையை 5 சதவீதம், சில தேடல்களில் 10 சதவீதம் வரைகூட ஏற்றியதுண்டு என்பது அதில் வெளிப்பட்டது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். நான் தாளில் ‘கிளிக் விலை உயர்வு: போட்டி காரணமாக 8 சதவீதம்’ என்று எழுதும்போது, அந்த 8இல் எவ்வளவு பக்கத்துக் கம்பெனியின் கை, எவ்வளவு சந்தைக்காரரின் கை என்று எனக்குத் தெரியாது. துண்டுக்கு அடியில் எல்லாக் கையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

போதாக்குறைக்கு, தேடல் பக்கத்தின் உருவமே மாறிக்கொண்டிருக்கிறது. தேடியவுடன் செயற்கை நுண்ணறிவு எழுதிய விடை மேலே வரும் ஏஐ ஓவர்வியூஸ் 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும் வந்தது. மழைக்காலத்தில் உட்கார்ந்து எழுதிய எச்பி பக்கத்தின் சாரத்தைக் கூகுளே பிழிந்து மேலே காட்டிவிட்டால், நம் தளத்துக்கு ஆள் வருவானேன்? முன்பு நான் புகழ்ந்த மெதுவான வேலையின் பலனையும் இது அரிக்கிறது. அதற்காக அந்தப் பக்கத்தை எழுதாமல் விடுவதா என்றால், மாட்டேன். சாரத்தைப் பிழிய யாரோ ஒருவர் எழுதியிருக்க வேண்டும்; அதில் கம்பெனி பெயர் வருவதற்காவது எழுதத்தான் வேண்டும். ஆனால் அதனால் எத்தனை என்கொயரி என்று கட்டத்தை நிரப்பச் சொன்னால் கை நடுங்குகிறது.

இவ்வளவுக்கும் மேலே, திட்டத்தில் மிகவும் அழகாகத் தெரிகிற வரிதான் எனக்கு மிகவும் சந்தேகமான வரி. கம்பெனியின் சொந்தப் பெயருக்குச் செய்யும் விளம்பரம். ஒருவர் கம்பெனி பெயரையே போட்டுத் தேடுகிறார். மேலே நம் விளம்பரம், அதற்குக் கீழே காசில்லாத முடிவிலும் நம் தளமே முதலில். அவர் விளம்பரத்தைத் தொடுகிறார். கிளிக் விலை மலிவு, என்கொயரி விகிதம் அபாரம். தாளில் அந்த வரி பச்சை நிறத்தில் ஜொலிக்கும். ஏஜென்சிகள் மொத்தச் சராசரியைத் தூக்கிக் காட்ட இந்த வரியைத்தான் நம்பியிருக்கின்றன. ஆனால் அந்த ஆள் நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டவர். வாசலில் நின்று வரவேற்றவருக்குத் தரகுக் காசு கொடுக்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்த்த கம்பெனி ஈபே. 2012 மார்ச்சில் அமெரிக்காவில் யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் தன் பெயர் கொண்ட சொற்களுக்கான விளம்பரத்தை நிறுத்தியது. இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் காசில்லாத முடிவுகள் வழியே அப்படியே திரும்பி வந்தது. அடுத்து, பெயர் இல்லாத பொதுச் சொற்களுக்கான விளம்பரத்தையும் நாட்டின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திவிட்டு, நிறுத்தாத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். மொத்த விற்பனையில் குறிப்பிடும்படியான இறக்கம் இல்லை. ஏற்கெனவே அடிக்கடி வாங்குகிறவர்கள் எப்படியும் வந்தார்கள். புதியவர்களிடமும் எப்போதோ வாங்குகிறவர்களிடமும் மட்டும் விளம்பரம் வேலை செய்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் மூவரும் எழுதிய இந்த ஆய்வு 2015இல் எக்கனோமெட்ரிகா இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே, 2011இல், கூகுளின் சொந்த ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான கணக்குகளை ஆராய்ந்து, விளம்பரத்தை நிறுத்தினால் அதன் கிளிக்குகளில் 89 சதவீதம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஈபே அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். கோயம்புத்தூர் கணபதியில் பதினைந்து லேத்தோடு ஓடுகிற பம்ப் கம்பெனியின் பெயர் திருநெல்வேலிக்காரருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை இந்தக் கம்பெனி எப்போதும் புதியதுதான். பொதுச் சொற்களுக்கான விளம்பரம் ஈபேக்கு வீணாக இருந்தாலும் இவர்களுக்கு வீணாக இராது என்றே நினைக்கிறேன். சொந்தப் பெயர் விஷயம் வேறு. அதில் ஈபேயின் பாடம் சின்னக் கம்பெனிக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஒரே ஒரு தடை: நம் பெயரைப் போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டால்? பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம் இந்தப் பிரச்சினையோடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் வந்த அந்தத் தீர்ப்பு இந்த விவகாரத்தில் இந்தியாவின் தொடக்க காலத் தீர்ப்புகளில் ஒன்று. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம், இன்னொருவரின் வணிகச் சின்னத்தைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே தன்னளவில் அத்துமீறல் ஆகாது, குழப்பம் உண்டாக்கினால் வேறு கதை என்ற நிலையை எடுத்தது. ஆக, நம் வாசலில் போட்டிக்காரர் வந்து நிற்கும் பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்துக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம் என்பதை ஊகத்தால் தீர்மானிக்க வேண்டியதில்லை, நிறுத்திப் பார்த்தால் தெரியும். நான் பார்த்த ஆண்டுத் திட்டங்களில் ‘நிறுத்திப் பார்ப்பது’ என்று ஒரு வரிகூட இருந்ததில்லை. நான் எழுதியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லா வரியும் கூட்டுவதற்கு, கழிப்பதற்கு ஒன்றும் கிடையாது.

என்கொயரி என்ற எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. மோட்டாரை முடிவு செய்கிறவர் பல நேரம் தேடுகிறவர் இல்லை. வீட்டுக்காரர் மொபைலில் தேடுவார், விலை பார்ப்பார், படிவத்தில் நம்பரையும் போடுவார். போரில் இறக்குகிற மெக்கானிக் வந்து, “இது வேண்டாங்ணா, ஸ்பேர் கெடைக்காது” என்று சொன்னால் முடிந்தது. இல்லாவிட்டால், பேசிய டீலர் கூடுதல் மார்ஜின் தரும் வேறு மோட்டாரைத் தள்ளிவிடுவார். தாளில் இரண்டுமே வெற்றிதான், ‘லீட்’ என்ற கட்டத்தில் ஒன்று, ஒன்று. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் ஏஜென்சி என்ன செய்யும்? படிவத்தில் இருக்கும் ஊர், போர் ஆழம் முதலிய கேள்விகளை எடுத்துவிட்டு நம்பர் மட்டும் கேட்கும். லீட் கூடும். டெலிகாலர் பெண் பிள்ளைகள் நாள் முழுக்க ‘தெரியாமப் பட்டுடுச்சுங்க’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். திட்டம் கேட்ட எண் கிடைத்துவிட்டது.

சின்னதாக ஒன்று: பட்ஜெட்டில் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தா சேர்க்காமலா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். உத்தி பற்றிய கருத்து வேறுபாட்டைவிட இதனால் மூண்ட சண்டைகளை அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை 2026–27க்கான தாளைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். பன்னிரண்டு மாதப் பத்திகளை அழித்துவிட்டு ஆறு பருவங்களாக்கினேன். கோடை, ஆடி, மழை என்று. பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எந்தக் கட்டத்திலும் போடாமல் தனியே வைத்தேன். எங்காவது ஏரி வறண்டாலோ ஊர் மூழ்கினாலோ அன்றைக்கு எடுக்க. என்கொயரி எண்ணுக்குப் பதில் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு எண்கள். ராமநாதபுரத்துக்குச் சோதனையாக ஒரு சின்னத் தொகை. கடைசியில் புதிதாக ஒரு வரி: மழைக்காலத்தில் ஆறு வாரம், இரண்டு மாவட்டங்களில், சொந்தப் பெயர் விளம்பரத்தை நிறுத்திவிட்டு டீலர்களுக்கு வரும் போன்களை எண்ணுவது.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. “ரெண்டு நம்பர் குடுத்தா அவரு மேல இருக்கறதத்தான் புடிச்சுக்குவாரு, அப்புறம் என்னயத்தான் கேப்பாரு” என்றார். அதில் உண்மை இருந்தது. தனியே வைத்த பணத்தையும், “சும்மா கெடக்கற பணம்னா மொதல்ல வெட்டுவாங்க” என்றார். அதிலும் உண்மை இருந்தது. பேரம் பேசத் தெரிந்தவர் அவர். அந்தத் தொகைக்கு ‘பருவமழை அவசர ஒதுக்கீடு’ என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த பணத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது.

முதலாளி வழக்கம்போலக் கடைசி வரிக்குத்தான் போனார். இந்த முறை அங்கே சதவீதம் இல்லை, நிறுத்திப் பார்க்கும் வரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“நம்ம பேரப் போட்டுத் தேடுனா நம்ம விளம்பரம் வராதுங்களா?”

“விளம்பரம் வராதுங்க. கீழ நம்ம வெப்சைட் வரும்.”

“எந்த ஊருல?”

“ஈரோடு, திருப்பூர்னு போட்டிருக்கேனுங்க.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. காபி டம்ளரை நகர்த்திவைத்தார்.

“ஈரோடு பண்ணிக்குங்க. திருப்பூரு வேண்டாம் தம்பி, சம்பந்தி அங்கதான் இருக்காரு. தெனம் காலைல நம்ம பேரத் தேடிப் பாப்பாரு. ஒரு நாளைக்கி வரலைன்னாலும் கம்பெனிக்கு என்னாச்சுன்னு போன் பண்ணிருவாரு.”

திருப்பூரை அடித்துவிட்டுச் சேலம் என்று எழுதினேன்.